பளபளப்புக்குப் பின்னால் ஒரு சொட்டு

ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? உங்களுக்கு இல்லாவிட்டால் உங்கள் பாட்டிக்கு இருக்கும். துருத்தி ஊதிக் கரியைக் கனிய வைத்து, பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் துணியால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அவ்வளவுதான்! கறுத்துக் கிடந்த பாத்திரத்தின் உட்புறம் வெள்ளியாக மின்னும். அப்புறம் புளிக்குழம்பு வைத்தாலும் களிம்பு ஏறாது.

தொழிற்சாலைக் கருவிகளுக்கும் இப்படி ஒரு பூச்சு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமோ?

பல்லடம் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம் காதைத் துளைக்கும். அங்கிருந்து வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் போனால் பனியன் நகரமான திருப்பூர். இரவு பகலாக நூல் ஓடிக்கொண்டே இருக்கிற பூமி அது. நூல் மென்மையானதுதானே என்று நினைக்காதீர்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். நூல் ஓட இரும்பும் தேயும். அதனால்தான் நூலை வழிநடத்தும் வளையங்களுக்கும் உருளைகளுக்கும் கெட்டியான குரோமிய முலாம் பூசுகிறார்கள். இத்தகைய முலாம் பட்டறைகள் கோயமுத்தூர் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன.

முலாம் பூசினால் கருவியின் ஆயுள் நீளும். புதுக் கருவி அடிக்கடி வாங்க வேண்டாம். அத்தனை இரும்பை உருக்கவும் வேண்டாம். இது இயற்கைக்கும் லாபம்தான். ஆனால் இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் ஒன்று உண்டு.

முலாம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். ஒரு லிட்டரில் சுமார் 250 கிராம் அமிலம் கரைந்திருக்கும்; அதில் பாதிக்குச் சற்று அதிகமாக, 130 கிராம், குரோமியம். கருவியை உள்ளே தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் குரோமியம் அதன்மேல் படியும். அப்போது கிளம்பும் குமிழிகள் வெடித்து, அமிலம் மெல்லிய பனிபோல் மேலே எழும். அதை நெடுநாள் சுவாசிக்கிறவருக்கு மூக்கின் நடுத்தண்டு புண்ணாகி ஓட்டை விழலாம். நுரையீரலில் புற்றுநோயும் வரலாம். ஆகவே தொட்டியின் ஓரத்திலேயே அந்தப் புகையை உறிஞ்சி எடுக்கும் விசிறி அவசியம்.

அடுத்த அபாயம் தண்ணீரில். தொட்டியிலிருந்து எடுத்த கருவியில் சொட்டச் சொட்ட அமிலம் ஒட்டியிருக்கும். அதைக் கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போனால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் குடிதண்ணீரில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டின் தர நிர்ணயம். ஒரே ஒரு லிட்டர் முலாம் திரவத்தை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 26 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 260 வர வேண்டும்! லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்து பழகிய நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

"ஏதோ கணக்குத்தானே" என்று சொல்லிவிடாதீர்கள். ராணிப்பேட்டைக்குப் போனால் கண்ணாலேயே பார்த்தவர்கள் சொல்வார்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிகல்ஸ் என்ற ஆலை அங்கே குரோமிய ரசாயனங்களைச் செய்துவந்தது. முக்கியமாக அவை தோல் பதனிடப் பயன்பட்டவை; என்றாலும் முலாம் தொட்டியில் இருக்கும் அதே குரோமியத்தின் உறவுதான். 1995-ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. இரண்டேகால் லட்சம் டன் கழிவு அங்கேயே கிடந்தது. ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழிந்தும், மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது. சங்கு ஊதுவது நின்றுவிட்டது, விஷம் நிற்கவில்லை.

கெட்ட தண்ணீரை மீட்பது எத்தனை கஷ்டம் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே வந்த வினை முலாம் அல்ல, சாயம். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு நிரம்பியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவை ஆற்றில் விடாமல் இருக்க வழி செய்யும் வரை சாயப் பட்டறைகளை மூட வேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரியத் தயங்கியது! கழிவை முதலிலேயே கவனித்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், பிழைப்பும் நின்றிருக்காது.

முலாம் பட்டறைக்கு வழி என்ன? முதல் வழி உங்கள் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. முறுக்கை எண்ணெயிலிருந்து எடுத்ததும் தட்டில் போட்டுவிடுகிறீர்களா? வாணலிக்கு மேலேயே சற்றுப் பிடித்து வடிய விடுகிறீர்கள் அல்லவா? கருவியையும் தொட்டிக்கு மேலேயே சில விநாடி பிடித்தால் போதும். பெரும்பங்கு அமிலம் தொட்டிக்கே திரும்பிவிடும். பிறகு இரண்டு மூன்று தொட்டிகளில் வரிசையாக அலசினால் கொஞ்சம் தண்ணீரே போதும்.

மிச்சமுள்ள கழிவு நீரை அப்படியே விடக் கூடாது. அமிலமும் சோடியம் பைசல்பைட்டும் சேர்த்தால் மஞ்சள் குரோமியம் பச்சையாக மாறும். பச்சையின் விஷம் மிகக் குறைவு. பிறகு சுண்ணாம்பு போட்டால் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றையும் கண்ட இடத்தில் கொட்டலாகாது. கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோல அபாயக் கழிவுக்கென்றே அமைத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இன்னொரு தினுசு பூச்சும் வந்திருக்கிறது. கடையில் தங்க நிறத்தில் துளைபோடும் ஊசி பார்த்திருப்பீர்கள். காற்றை நீக்கிய பெட்டிக்குள் டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனோடு சேர்த்துப் படிய வைத்தது அது. அமிலத் தொட்டியே இல்லை! ஆனால் பூச்சு தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தேய்ந்துபோன பெரிய உருளையைத் தடிப்பாகப் பூசிச் சரிசெய்ய இன்னும் குரோமியத்தைத்தான் தேடுகிறார்கள். மின்சாரச் செலவும் இல்லாமல் இல்லை.

உங்கள் வீட்டு ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ முலாம் பட்டறைக்குப் போகிறவரானால் இரண்டு காரியம் செய்யுங்கள். வேலை உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பட்டறையிலிருந்து வந்த காலி ரசாயன கேனில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள்.

ஈயம் பூசுகிறவரிடம் கூலி பேசும்போது ஒரு கேள்வி கேட்பீர்கள்: "பூச்சு எத்தனை நாள் நிற்கும்?" முலாம் பூசுகிறவரிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "கழுவின தண்ணீர் எங்கே போகிறது?"