தொட்டிச் செடிகளும் பொறுப்பு ஒப்படைப்பும்

சென்ற ஜனவரி மாதம் மூன்று வாரக் கிளைத் தணிக்கைப் பணிக்காக நான் வெளியூர் செல்ல நேர்ந்தது. புறப்பட்ட நாளன்று அலுவலகத்தில் என் பொறுப்புகளை ஒப்படைக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. பெட்டகச் சாவி, முத்திரைகள், நிலுவையிலிருந்த கடன் விண்ணப்பங்கள் என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, கொடுத்தவரும் பெற்றவரும் கையொப்பமிட்டோம். வங்கியில் ஒரு ரப்பர் முத்திரையைக்கூட வாய்மொழியாக ஒப்படைக்கும் வழக்கமில்லை. அன்று மாலை வீட்டுத் திண்ணையிலிருந்த 14 தொட்டிச் செடிகளை ஒப்படைக்க எனக்கு அரை நிமிடமே பிடித்தது. "அத்தை, செடிங்களுக்குத் தண்ணி மட்டும் ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அத்தை என்பது என் கணவரின் தாயார். வயது 70-ஐக் கடந்தவர். பெருமாட்டியில் பிறந்து, பெருமாட்டியிலேயே வாழ்க்கைப்பட்டவர். நெல்லும் தென்னையும் வளர்த்த கைகள் அவருடையவை. ஆகவே செடிகளைப் பற்றி அவருக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது துளசி தழைத்திருந்தது. மணி பிளாண்ட் கொடி இரண்டு கணு கூடுதலாக ஓடியிருந்தது. ஆனால் திண்ணையின் ஓரத்தில் இருந்த சோற்றுக் கற்றாழை அடியோடு அழுகிச் சாய்ந்து கிடந்தது. தொட்டால் மடல் கையோடு வந்தது. அது என் அம்மா தம் வீட்டுக் கொல்லையிலிருந்து பெயர்த்துக் கொடுத்த செடி. அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வீடும் இப்போது கைமாறிவிட்டது.

"காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி ஊத்துனேன் அம்மிணி. அப்படியும் போயிருச்சு" என்றார் அத்தை. அவர் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டபின் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே தவறாகப் போயிற்று என்பது பின்னர் தெரிந்தது.

தொட்டிச் செடிகள் வாடிச் சாவதைவிட நீர் மிகுந்து சாவது வீடுகளில் அதிகம் என்பதைத் தோட்டக்கலையினர் பலரும் கூறுவர். வேருக்கு நீர் தேவைப்படுவது போலவே காற்றும் தேவை. மண்ணின் இடைவெளிகள் எந்நேரமும் நீரால் நிறைந்திருந்தால் வேர் மூச்சுத் திணறி, பூஞ்சை பற்றி அழுகும். நிலத்தில் நிற்கும் செடிக்கு மிகுதியான நீர் கீழே இறங்கிவிடும். தொட்டிக்கு அடியில் ஒரு துளைதான் உண்டு. அதன் கீழே தட்டு ஒன்றையும் வைத்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். கற்றாழை, மருள் போன்ற செடிகளுக்கு இது இன்னும் ஆகாது. பெரும்பாலான செடிகள் இலைத்துளைகளைப் பகலில் திறக்கின்றன. இவையோ இரவின் குளிர்ச்சியில் திறந்து, பகல் வெயிலில் மூடிக்கொள்கின்றன. அதனால் இவை இழக்கும் நீர் மிகக் குறைவு. நன்கு வேரூன்றிய கற்றாழை மூன்று வாரம் நீரின்றி இருந்தால் அதற்கு ஒன்றும் நேராது. நான் இல்லாத அந்த மூன்று வாரங்களில் யாரும் அதைத் தொடாமல் இருந்திருந்தால் போதும்!

அத்தையின் கணக்கிலும் ஒரு நியாயம் இருந்தது. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில் பக்கம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. மார்கழியிலும் தையிலும் அதன் வழியே வீசும் கிழக்குக் காற்று, கொடியில் போட்ட வேட்டியை ஒரு மணி நேரத்தில் உலர்த்திவிடும். தொட்டியின் மேல்மண்ணும் அப்படியே உலர்ந்து வெளுத்துப்போகும். கீழே மண் சேறாக இருந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது வறண்ட தொட்டிதான். விரலை இரண்டு அங்குல ஆழம் உள்ளே விட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். அல்லது தொட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்க்கலாம். கனத்தால் நீர் இருக்கிறது, லேசானால் இல்லை. இதை நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் இறுதியில் பயிற்சிக்காகப் பத்து நாள் சென்னை செல்ல வேண்டியிருந்தது. இம்முறை வங்கிக்காரியாகவே நடந்துகொண்டேன். எந்தச் செடிக்கு எந்தக் கிழமை, எத்தனை குவளை என்று முழுத்தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். திரும்பியபோது பெரணியும் அந்தூரியமும் காய்ந்து சருகாகியிருந்தன. பட்டியல் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது.

இம்முறை எனக்குக் கோபம் வந்தது. அத்தை அமைதியாகச் சொன்னார்: "கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. தெருவுல லாரித் தண்ணிக்குக் குடத்தோட நிக்கறாங்க. அவங்க பாக்கப் பாக்க நான் பூச்செடிக்கு ஊத்துவனா அம்மிணி?"

பெருமாட்டியை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்குப் பகுதி, கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை நாடு அன்று. கரிசல் மண்ணும் கரும்பனையும் கொண்ட வறண்ட நிலம். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கான 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் பகுதிக்கு வரவேண்டும். மூலத்தறை மதகிலிருந்து பிரியும் அந்த நீரை நம்பியே இங்கு வேளாண்மை நடக்கிறது. எங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டு குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியதும், கிணறுகளைப் பற்றிய முறையீடுகள் எழுந்ததும், மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் பந்தலிட்டு அமர்ந்ததும் நாடறிந்தவை. பெருமாட்டி பஞ்சாயத்து 2003-இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களுக்குரியது, அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்று அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு 2005-இல் மாற்றப்பட்டபோதிலும், 2004 மார்ச்சில் நின்றுபோன ஆலை மீண்டும் உற்பத்தியைத் தொடங்கவில்லை. அந்த ஆண்டுகளில் அத்தை குடத்துடன் வரிசையில் நின்றவர். நான் திருமணமாகி இவ்வூருக்கு வந்தது அதற்குப் பிறகு. என் பட்டியலில் குவளைக் கணக்கு இருந்தது. கிணற்றின் கணக்கு இல்லை.

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, அத்தை என்னைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்றார். துவைக்கும் கல்லுக்குப் பின்னால், வாய் உடைந்த பானையொன்றில் விரல் நீளத்தில் மூன்று மடல்களுடன் ஒரு கற்றாழைக் கன்று. ஜனவரியில் அழுகிய செடியின் பக்கத்தில் கிடைத்த கன்று அது. "மறுபடியும் நான் கெடுத்துருவனோன்னு தண்ணியே காட்டல. சொன்னா நீ ஆசைப்படுவ, அப்புறம் இதும் போச்சுன்னா?" என்றார். இரண்டு மாதங்களாக அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

அதன்பின் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். முதலில் செய்தது, இம்மண்ணுக்கு ஒவ்வாதவற்றை விடுவது. பெரணியின் கிழங்கில் உயிர் இருந்தது. அதையும் மிச்சமிருந்த ஓர் அந்தூரியத்தையும் மூணாறில் பணியாற்றும் தோழியிடம் கொடுத்தனுப்பினேன். 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனியில், அவளுக்கு அவை ஒரு வேலையே அல்ல. செடியைத் தொலைவுக்கு அனுப்புவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம் பக்கத்து நீலகிரியிலேயே ஒரு வரலாறு உண்டு. மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா செடிகளை கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் 1860-இல் உதகைக்குக் கொண்டுவந்தார். செங்கடல் வெப்பத்தில் நலிந்த அச்செடிகள் இங்கு வந்தும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ராபர்ட் கிராஸ் என்னும் தோட்டக்காரர் ஈக்குவடாரிலிருந்து உடன் வந்து சேர்த்த செடிகளே, உதகைத் தோட்டக் கண்காணிப்பாளர் மக்கைவரின் கையில் பெருகின. எங்கள் பெரணியோ வாடகைக் காரின் பின்இருக்கையில் ஐந்து மணி நேரம் பயணம் செய்து நலமாகச் சேர்ந்தது.

மீதமிருந்த செடிகளுக்குக் கிணற்று நீர் வேண்டாம் என்று முடிவாயிற்று. அரிசியும் பருப்பும் கழுவிய நீர் நாள்தோறும் கிடைக்கிறது. உப்பும் சோப்பும் கலக்காதவரை அது செடிக்கு நல்லதே. வெளியூர் செல்லும் நாட்களில் தொட்டிகளைத் திண்ணையிலிருந்து இறக்கி, காற்றுப்படாத வடக்குச் சுவரோரம் நெருக்கமாக அடுக்கிவிடுகிறோம். செடிகள் சேர்ந்திருந்தால் அவற்றைச் சுற்றிலும் ஈரம் தங்கும். சுட்டமண் தொட்டி தன் பக்கச் சுவர் வழியாகவும் நீரை இழப்பதால் பிளாஸ்டிக் தொட்டியைவிட விரைவில் காயும். ஆதலால் மண் தொட்டிகள் நடுவில், மற்றவை சுற்றிலும். மேல்மண்ணை ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டுகளால் மூடுகிறோம். தென்னை உள்ள வீட்டில் இதற்குச் செலவேதுமில்லை.

திரிப் பாசனம் அத்தையின் கைவண்ணம். நான் வழியைத்தான் சொன்னேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, விளக்குத் திரி போல ஆனால் விரல் தடிமனில் முறுக்கி, நனைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரை தொங்கவிட்டு மறு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதைத்தார். வாளி தொட்டியைவிடச் சற்று உயரத்தில் இருக்கவேண்டும். விளக்கில் எண்ணெய் ஏறுவது போலவே நீர் துணியின் இழைகளில் ஏறிச் சென்று, மண் உலர உலரக் கசியும்.  கற்றாழைக்கும் மருளுக்கும் திரி கிடையாது.

புறப்படுமுன் நான்கைந்து நாட்கள் இந்த ஏற்பாட்டை ஓடவிட்டுப் பார்ப்பது நன்று. எங்கள் முதல் திரி ஒரே இரவில் வாளியைக் காலி செய்து துளசியை மிதக்கவிட்டது.

மே மாதம் 12 நாள் பெங்களூரு. கதவில் பட்டியல் ஒட்டவில்லை. நம் வங்கி அளித்த சுவர்க் காலண்டரில் அத்தை ஏற்கெனவே பால் கணக்கு எழுதிவருகிறார். செடிக் கணக்கும் அதிலேயே இருக்கட்டும் என்றார். திரும்பி வந்த இரவு பெட்டியைக்கூடத் திறக்காமல் காலண்டர் முன் நின்றேன். 'பால் 1' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் 'துளசி' என்றும், ஒரு நாளில் 'தொட்டுப் பாத்தேன், ஈரம் இருக்கு, ஊத்தல' என்றும், இன்னொரு நாளில் 'மழை' என்று மட்டும் பெரிதாகவும் எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் 'ரோசா போயிருச்சு. மாவுப்பூச்சி. என் தப்பு இல்ல' என்றிருந்தது.

கற்றாழைக்கு நேராக எந்த நாளிலும் ஒன்றும் எழுதப்படவில்லை. வெளியே சென்று பார்த்தேன். ஐந்தாவது மடல் விட்டிருந்தது.