முன்சக்கரம் ஆடுகின்றதா?

நம் ரயில்வே குடியிருப்பில் தந்தை பணிக்கும் பிள்ளை பள்ளிக்குமாக மாற்றி மாற்றி ஓட்டும் சைக்கிள்கள் இன்றும் பல உள. டயரில் காற்றைப் பார்ப்போர் உண்டு. செயினுக்கு எண்ணெய் இடுவோரும் உண்டு. சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பை நோக்குவார் மிகச் சிலரே.

போர்க்கின் அருகே ரிம்மைப் பற்றிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். 'டக்'கென்று ஆட்டம் தெரியின் கோன் தளர்ந்துள்ளது. (ஹாண்டில் கழுத்தில் ஆட்டம் இருப்பின் அது வேறு நோய், மருந்தும் வேறு.)

ஹப்பின் இரு புறமும் கிண்ணம் போன்ற கப், அதனுள் எஃகுக் குண்டுகள், அவற்றை அணைத்து நிற்கும் கோன் ஆகியவை உள்ளன. சாதாரண வண்டிகளின் முன்சக்கரத்தில் பக்கத்திற்குப் பத்தாக 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சக்கரத்தில் ஒன்பதாக 1/4 அங்குலக் குண்டுகளும் இருக்கும். கோன் தளர்ந்தால் சுமை எல்லாக் குண்டுகளின்மீதும் பரவாது. ஓரிரண்டின்மீதே விழுந்து, கோனிலும் கப்பிலும் குழி பறிக்கும். கோன் தனியே கிடைக்கும். ஹப்பில் பதிந்த கப் கெட்டாலோ ஹப்பையே மாற்றி, போக்ஸ் கம்பிகளை மறுபடி கோக்க நேரும். செலவு அங்கேதான்.

இனி வேலை. வலப்பக்க நட்டு இறுகியே இருக்கட்டும். இடப்பக்க நட்டை மட்டும் தளர்த்துக. கோனுக்கு மேல் பூட்டு நட்டு இருப்பின் அதனையும் தளர்த்துக. மெல்லிய கோன் ஸ்பானரால் கோனை வலஞ்சுழியாக, குண்டுகளில் மெல்ல முட்டும்வரை திருகி, சிறிதே பின்வாங்குக. நட்டை இறுக்குகையில் கோன் மயிரிழை உள்நகரும், அதற்கே இவ்விடைவெளி. கோனை ஸ்பானரால் அசையாது பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குக. ஆட்டம் ஒழியட்டும் என்று முழு வலிமையும் காட்டுவது, எழுதுகோல் பிடிக்கும் நம் போன்றோரின் வழக்கம்! இறுகிய கோனும் குழியே பறிக்கும்.

சோதனை எளிது. சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, பிரேக் கட்டை உரசாதவாறு பார்த்து, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திக் கையை விடுக. வால்வு தன் எடையாலேயே கீழிறங்கி, ஊசலாடி அடங்குமாயின் அளவு சரி. ஆட்டமும் இல்லையெனில் வேலை முடிந்தது.

கரகரப்பு நீங்காவிடில் குண்டுகள் தேய்ந்திருக்கலாம். இந்தி வழங்கும் ஊர்க் கடைகளில் குண்டைச் 'சர்ரா' என்றும், ஸ்பானரைப் 'பானா' என்றும் கேட்க வேண்டும். நாம் கண்டவரை, இவ்விரு சொல்லோடு தளர்ச்சியைக் குறிக்கும் 'டீலா'வையும் அறிந்தவரிடம் முழு ஓவராயிலிங் வேண்டுமென்று கடைக்காரர் எளிதில் சொல்வதில்லை. பழைய குண்டுகளோடு புதியன கலவாமல், பக்கம் முழுவதற்கும் ஒருசேர மாற்றி, கிரீஸ் இட்டு மூடுக.