சொந்த ஊரில் தோற்ற அண்ணா

1962 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 50 இடங்களைப் பிடித்தது. ஆனால் கட்சியைத் தொடங்கிய அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். ஐந்தாண்டுக்கு முன் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அதே ஊர், இம்முறை காங்கிரசின் எஸ்.வி. நடேச முதலியாரைத் தேர்ந்தெடுத்தது.

அந்த ஊருக்கு அண்ணா அந்நியரல்லர். 1909 செப்டம்பர் 15 அன்று அங்கே ஒரு செங்குந்தர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்த்தவர் சிற்றன்னை இராசாமணி அம்மையார். அண்ணாவுக்கு அவர் 'தொத்தா'. கைமுடை காரணமாக அண்ணா காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். 1934இல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். 1942இல் 'திராவிட நாடு' வார இதழைக் காஞ்சியிலிருந்தே தொடங்கினார். 1953இல் கைத்தறி நெசவாளர்கள் நூலும் விற்பனையுமின்றித் தவித்தபோது, கட்சிக்காரர்களோடு துணி மூட்டையைச் சுமந்து தெருவில் இறங்கி விற்றார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தவிப்பை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே 1909 செப்டம்பரில் பிறந்தவராகக் கொள்ளப்படும் இன்னொரு தலைவர், கானாவின் குவாமே என்க்ரூமா. இருவரும் பத்திரிகை நடத்தினார்கள். இருவரும் 1949இல் தாங்கள் இருந்த இயக்கத்தை விட்டு விலகித் தனிக்கட்சி கண்டார்கள். 1957 மார்ச் 6 அன்று 'கோல்டு கோஸ்ட்' விடுதலை பெற்றுக் கானா ஆனது. சரியாகப் பத்தாண்டு கழித்து, 1967 மார்ச் 6 அன்று அண்ணா முதலமைச்சரானார். ஆனால் என்க்ரூமா 1964இல் நாட்டை ஒரே கட்சியின் கைக்குள் கொண்டுவந்தார். 1966இல் அவர் வெளிநாட்டில் இருந்த நேரம் பார்த்து இராணுவம் ஆட்சியைப் பறித்தது.

அண்ணா போன வழி வேறு. தோல்வியை ஏற்று மாநிலங்களவைக்குப் போனார். 1962இல் சீனப் போர் மூண்டதும், இந்தியாவிலிருந்து பிரிந்த தனித் திராவிட நாடு கேட்டு நடத்திவந்த பிரச்சாரத்தை நிறுத்தினார். பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்கவே முடியாதபடி 1963இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. உயிர்க்கொள்கையாகப் பேசிவந்த திராவிட நாடு கோரிக்கையைக் கட்சி கைவிட்டது. அவர் வாழ்வில் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது இதுதான். மிகச் சரியானதும் இதுதான். வாக்குப்பெட்டியை நம்பியவர், அதற்கான விலையையும் கொடுத்தார்.

1967இல் ஆட்சி கைக்கு வந்தது. புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணங்கள், முன்பே நடந்தவை உட்பட, சட்டப்படி செல்லுபடியாயின. சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கிடைத்தது. தேர்தலில் சொன்ன மூன்று படியை எட்ட முடியவில்லை. 1968 ஜனவரியில் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 அன்று மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அடுத்த இருபதாவது நாள், பிப்ரவரி 3 அன்று, புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 59.

காஞ்சியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அரசு நினைவு இல்லம். பட்டு எடுக்கவும் வரதரைச் சேவிக்கவும் வருகிறவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.