கசகசா வயலில் ஒரு பாடம்

வியன்னாவிலிருந்து வடமேற்கே போனால் வால்ட்ஃபீர்டெல் என்ற மேட்டு நிலம் வரும். ஜூலை மாதத்தில் அங்கே கசகசா பூக்கும். கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் போன்ற இதழ்கள்; வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா. ஆர்ம்ஷ்லாக் என்கிற சிற்றூர் தன்னைக் 'கசகசா கிராமம்' என்றே அழைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியையும், கசகசாவும் சர்க்கரையும் தூவிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையையும் தின்று வளர்கிறவர்கள். நம் வீட்டில் தேங்காயோடு சேர்த்துக் குருமாவுக்கு அரைக்கிறோமே, அதே கசகசாதான். தாவரவியலில் இதன் பெயர் பப்பாவர் சோம்னிஃபெரம். இரண்டாவது சொல்லுக்கு 'தூக்கம் தருவது' என்று பொருள். அபினி எடுப்பதும் இதே செடியிலிருந்துதான்.

காய்ந்த காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சின்னக் கலசம் போல இருக்கும். உச்சியில் கிரீடம் வைத்ததுபோல ஒரு மூடி. பல வகைகளில் மூடிக்குக் கீழே வரிசையாகச் சிறு சாளரங்கள் திறந்திருக்கும். காற்றில் தண்டு ஆடும்போது உப்பு தூவுவதுபோல அவற்றின் வழியே விதை சிதறும். ஒரு விதையை லென்ஸின் அடியில் வைத்தால் சிறுநீரகம் போன்ற வடிவமும், மேலே வலை போர்த்தியது போன்ற வரிகளும் தெரியும். விதைக்குள் போதை அனேகமாக இல்லை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பாலில்தான் மார்ஃபின் இருக்கிறது. அந்தப் பாலில் கொஞ்சம் விதையின் மேல் ஒட்டிவிடுவதும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குக் கசகசா கொண்டுபோகத் தடை. பெட்டியில் மசாலா சாமான் கட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பதிமூன்று வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சொல்லலாமா?

சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. காரணம் வியன்னாவிலேயே இருக்கிறது. மாணவர்களுக்குத் தாவரங்களின் மேல் என்ன ஆர்வம் என்று அங்கே தொடர்ந்து ஆராய்ந்துவருபவர் பீட்டர் பானி. பயன்தரும் தாவரங்களை அவர் ஐந்தாகப் பிரித்துக்கொண்டார்: மருந்துச் செடிகள், கிளர்ச்சியும் போதையும் தரும் செடிகள், மசாலாச் செடிகள், உணவுப் பயிர்கள், அழகுச் செடிகள். எதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டார். 2014இல் வெளியான முடிவுகளில் முன்னால் நின்றவை மருந்துச் செடிகளும் போதைச் செடிகளும். பாடப்புத்தகங்கள் பாடுபட்டுப் படம் போடுகிற பூச்செடிகள் பின்தங்கிவிட்டன.

இந்த ஆர்வத்தைக் கிடைத்தற்கரிய பொருளாக நினைக்க வேண்டும். காட்டில் மான் நிற்கும் படத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டால், எல்லோரும் மான் என்பார்கள். படத்தை நிறைத்து நிற்கும் மரங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. வாண்டர்சீ, ஷுஸ்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்குத் 'தாவரக் குருடு' என்று பெயரிட்டு 1999இல் எழுதினார்கள். அந்தப் பெயர் பார்வையற்றோரைப் புண்படுத்துகிறது என்று பின்னால் வேறு பெயர்களும் முன்வைக்கப்பட்டன; அது நியாயம்தான். பெயர் எதுவானாலும் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. புல்லிவட்டம், அல்லிவட்டம் என்று ஆசிரியர் தொடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்புகிற தலைகள், கஞ்சா என்ற சொல் காதில் விழுந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்புகின்றன. எந்த ஊர் வகுப்பிலும் இது நடக்கும்.

ஆசிரியர்களின் தயக்கமும் எனக்குப் புரிகிறது. போதைச் செடியைப் பற்றிக் கேட்கிற பிள்ளை, போதையைத் தேடுகிற பிள்ளையோ? தன்னைப் பற்றியே தாழ்வாக நினைக்கிற பிள்ளைதான் இப்படிக் கேட்குமோ? இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: செடியின் மேல் ஆர்வம், தன்மதிப்பு, போதையைப் பற்றிய மனநிலை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்காமல் தனித்தனியாக அளக்க வேண்டும். தன்மதிப்பை அளக்க மாரிஸ் ரோசன்பெர்க் 1965இல் தந்த பத்து வாக்கியங்களையே இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். பாதி வாக்கியங்கள் தன்னை மெச்சுவதாகவும் பாதி தன்னைக் குறைப்பதாகவும் இருக்கும். ஒப்புக்கொள்கிறோமா இல்லையா என்று குறிக்க வேண்டும்.

தன்மதிப்பை ஏற்றிவிட்டால் போதை தானே விலகும் என்று ஒரு காலத்தில் பெரிதாக நம்பினார்கள். 1986இல் கலிஃபோர்னியா அரசு இதற்கென்றே ஒரு குழு அமைத்தது. தன்மதிப்பு சமூகத்துக்கே போடும் தடுப்பூசி என்கிற அளவுக்கு 1990இல் வந்த அதன் அறிக்கை பேசியது. ராய் பாமைஸ்டரும் மூன்று உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் 2003இல் சலித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு உயர்ந்திருப்பது மட்டும் பிள்ளைகளைப் புகையிலிருந்தோ குடியிலிருந்தோ போதையிலிருந்தோ தடுப்பதாகத் தெரியவில்லை. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய, போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் திட்டத்துக்கும் இதே கதிதான். பழைய பாடத்திட்டத்தால் நிலைத்த பலன் அதிகமில்லை என்றே ஆய்வுகள் சொல்லின. பலன் கண்ட நாடு ஐஸ்லாந்து. கடந்த மாதத்தில் குடித்து போதையேறியதாகச் சொன்ன 15, 16 வயதினர் அங்கே 1998இல் 42 சதவீதம். 2016இல் 5 சதவீதம். பிள்ளைகளுக்கு விளையாட்டும் இசையும் கொடுத்தார்கள், பெற்றோரை ஒன்றுதிரட்டினார்கள், இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். பிள்ளையின் நாளை நிரப்பினார்கள் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த நாளில் ஒரு மணி நேரத்தைப் புகையிலைச் செடிக்குக் கொடுத்துப் பார்க்கலாம். நிக்கோட்டின் உருவாவது வேரில். இலையைப் புழு கடித்ததும் வேருக்குச் சேதி போகிறது. வேர் கூடுதலாக நிக்கோட்டினைத் தயாரித்து மேலே அனுப்புகிறது. கடித்த பூச்சியின் நரம்பை அது தாக்கும். நம் விவசாயிகள் புகையிலையை ஊறவைத்துப் பயிருக்குத் தெளிப்பதும் இதனால்தான். பூச்சியின் நரம்பில் நிக்கோட்டின் போய் உட்காரும் ஏற்பியைப் போன்றதே நம் மூளையிலும் இருக்கிறது. இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிற மூளையில், புழுவை விரட்டச் செய்த பொருளைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதை ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிப்புக்கு எந்தச் சுவரொட்டியும் ஈடாகாது.

கோக்கா இலையின் கதைக்கு வியன்னாவைவிடப் பொருத்தமான ஊர் ஏது? 1884இல் அந்நகரப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கோகைன் கரைசலை முதலில் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தன் கண்ணில் விட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டார். தொட்டது தெரியவில்லை. விழித்திருக்கும் நோயாளிக்கு வலியில்லாமல் கண் அறுவை செய்யலாம் என்ற வழி அன்றுதான் திறந்தது. அதே ஆண்டு, அதே ஊரில், சிக்மண்ட் ஃப்ராய்ட் கோக்காவைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். கட்டைவிரலை இழந்த வலிக்கு மார்ஃபின் எடுத்து அதற்கு அடிமையாகியிருந்த தன் நண்பர் ஃப்ளைஷ்லை மீட்கக் கோகைன் கொடுத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்துபோனார். ஒரே இலை, ஒரே ஆண்டு. இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிற பிள்ளைக்கு, அளவு என்றால் என்ன, யார் கையில் என்றால் என்ன என்று தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

ஜெர்மன் மருந்தியலில் 'ட்ரோகெ' என்றால் உலர்த்திய மூலிகை. தெருவில் அதே சொல்லுக்குப் போதைப்பொருள் என்று அர்த்தம். நம் 'மருந்து' மட்டும் என்ன? காய்ச்சலுக்கும் மருந்துதான், எலிக்கும் மருந்துதான், வயலுக்கு அடிப்பதும் மருந்துதான்.

பள்ளி வேலியோரம் ஊமத்தை நின்றால், கிட்டே போகாதே என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வருகிறோம். இழுக்கத்தான் வேண்டும், முள்ளுக்காய்க்குள் இருக்கும் சில விதைகளே ஆபத்தில் கொண்டுவிடும். 'ஏன், தின்றால் என்ன ஆகும்?' என்று பிள்ளை கேட்டால் நின்று பதில் சொல்லலாம். பாவை விரியும், வாய் உலரும், நெஞ்சு படபடக்கும், இல்லாதது தெரியும். அதில் இருக்கும் பொருள்களில் ஒன்று அட்ரோபின். வயலுக்கு மருந்தடிக்கப் போய் மயங்கி விழுந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, நெஞ்சில் சளி கட்டிவிட்டது, கண்ணின் பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. டாக்டர் கேட்டு வாங்குகிற ஊசி அட்ரோபின். ஏற்ற ஏற்ற நெஞ்சில் சளி குறைகிறது, நாடி வேகம் பிடிக்கிறது, ஊசிமுனையாக இருந்த பாவை மெல்ல விரிகிறது.