நிகழ்தகவுக் கணக்கு: முதலில் வாசிப்பு, பிறகு சூத்திரம்

நிகழ்தகவு வினாக்களில் வரும் எண்கள் பெரும்பாலும் சிறியவை. பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தால் போதும். ஆனாலும் ஜே.இ.இ. மெயின் போன்ற நுழைவுத் தேர்வுகளில் நன்றாகப் படித்தவர்களும் இங்கே சறுக்குவதுண்டு. கணக்கிடும் முன்பே, வினாவை வாசிக்கும்போதே பிழை நுழைந்துவிடுவதுதான் காரணம்.

வினாவை வாசித்ததும் முதலில் தீர்மானிக்க வேண்டியது கூறுவெளி, அதாவது நடக்கக்கூடிய விளைவுகள் அனைத்தின் தொகுப்பு. இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை வரலாம். ‘அதனால் 7 கிடைக்கும் வாய்ப்பு 1/11’ என்று எழுதுவது தவறு. அந்த 11 கூட்டுத்தொகைகளுக்கும் சமமான வாய்ப்பு இல்லை. சமவாய்ப்புள்ளவை 36 சோடிகள். அவற்றில் ஆறு சோடிகள் 7 தருகின்றன. எனவே விடை 1/6.

அடுத்து, வினாவில் உள்ள சிறு சொற்கள். ஒரு பையில் 5 சிவப்புப் பந்துகளும் 3 நீலப் பந்துகளும் உள்ளன. இரண்டு பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படுகின்றன. ‘திரும்ப வைக்காமல்’ என்றால் இரண்டும் சிவப்பாக இருக்க நிகழ்தகவு 5/8 × 4/7 = 20/56. ‘திரும்ப வைத்து’ என்றால் 25/64. அதே பையில், திரும்ப வைக்காமல் ஒரு சிவப்பும் ஒரு நீலமும் கிடைக்க 5/8 × 3/7 = 15/56 என்று நிறுத்தினால் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கும். நீலம் முதலில் வந்து சிவப்பு பின்னால் வரலாம். அதையும் கூட்டினால் 30/56.

‘அல்லது’ என்ற சொல் கூட்டலைக் குறிக்கும். ஆனால் இரண்டிலும் சேர்ந்தவற்றை ஒருமுறை கழிக்க வேண்டும். 52 சீட்டுகள் கொண்ட கட்டில் ராஜா அல்லது ஹார்ட் வர, 4 + 13 – 1 = 16 வழிகள். ஹார்ட் ராஜா இரு பக்கமும் எண்ணப்பட்டதால் அந்த 1 கழிகிறது.

‘குறைந்தது ஒன்று’ என்று கேட்டால் நிரப்பு நிகழ்ச்சியே, அதாவது ஒன்றுகூட நடக்காததே, குறுக்குவழி. ஒரு பகடையை நான்கு முறை உருட்டும்போது குறைந்தது ஒரு முறையாவது 6 விழ வாய்ப்பு என்ன? ஒரு முறைகூட விழாததன் நிகழ்தகவு (5/6)⁴ = 625/1296. அதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, பாதியைவிடச் சற்று அதிகம். 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் விவாதித்த பகடைக் கணக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

பேயீஸ் தேற்ற வினாக்களில் சூத்திரத்தைவிட ஒரு சிறிய அட்டவணை கைகொடுக்கும். ஓர் ஆலையில் முதல் இயந்திரம் 60 சதவீதப் பல்புகளையும் இரண்டாவது 40 சதவீதத்தையும் தயாரிக்கின்றன. முதலாவதில் 2 சதவீதமும் இரண்டாவதில் 5 சதவீதமும் பழுது. பழுதான பல்பு ஒன்று இரண்டாம் இயந்திரத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு என்ன? 1000 பல்புகள் என்று வைத்துக்கொண்டால், முதலாவதில் 12 பழுது, இரண்டாவதில் 20 பழுது. ‘பழுதான’ என்ற நிபந்தனை கூறுவெளியை 32 ஆகச் சுருக்கிவிடுகிறது. விடை 20/32, அதாவது 5/8.

கடைசியாகச் சரிபார்ப்பு. விடை 0-க்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ போனால் எங்கோ பிழை இருக்கிறது. ஒன்றையொன்று விலக்கும் எல்லா நிகழ்ச்சிகளின் நிகழ்தகவுகளையும் கூட்டினால் 1 வர வேண்டும். மேலே சொன்ன பையில், திரும்ப வைக்காதபோது, இரண்டும் சிவப்பு 20/56, கலந்தது 30/56, இரண்டும் நீலம் 6/56, கூட்டினால் 56/56.

ஜே.இ.இ. மெயினில் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறானால் 1 மதிப்பெண் கழியும். 15/56 போன்ற பாதி விடைகளும் தெரிவுகளில் இடம்பெறக்கூடும். ஆகவே பயிற்சியின்போது நூறு கணக்குகளை விரைந்து முடிப்பதைவிட, ஒவ்வொரு கணக்கிலும் கூறுவெளி எது, நிபந்தனை எது, வரிசை முக்கியமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் எழுதிவிட்டுப் பேனாவைக் கணக்கில் வைப்பதே மாணவர்களுக்குப் பலன் தரும்.