கேள்வி மூன்று மொழியில், பதில் ஒரு மொழியில்

மலைநாட்டுக் கணக்கு – 9

கண்டி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றிப் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால், அது ஹன்சாட்டில் எப்படி அச்சாகிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. மேலே கேட்டவரின் பெயரும் எந்த அமைச்சரைக் கேட்கிறார் என்பதும் இருக்கும். பிறகு (அ), (ஆ), (இ) என்று கிளைகள். ஒவ்வொரு கிளைக்குள்ளும் ரோமன் எண்ணிட்ட குட்டிக் கேள்விகள்: எத்தனை பேர், எவ்வளவு தொகை, எந்த ஆண்டிலிருந்து நிலுவை, எப்போது கொடுத்து முடிப்பீர்கள்? "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று வாக்கியம் முடியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் தனியாக ஒரு வரி: "இன்றேல், ஏன்?"

இந்தக் கேள்வி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் அச்சாகும். பதிலோ அமைச்சர் பேசிய மொழியில் மட்டும்தான் இருக்கும். பெரும்பாலும் அது சிங்களம். அதை அவர் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை. விடை நீளமாக இருந்தால், "சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று கட்டுத்தாளை நீட்டிவிட்டு அமர்ந்துவிடலாம். விடை தயாராக இல்லையென்றால் இரண்டு வார அவகாசம் கேட்கலாம்; அந்த இரண்டு வாரம் முடிந்ததும் இன்னும் இரண்டு வாரம் கேட்கலாம். காலையில் கேள்விக்கென்று ஒதுக்கிய நேரத்தில் இந்த 'அவகாசம்' என்ற சொல் காதில் விழாத நாள் குறைவு.

தெல்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருந்த பெரியவர் ஒருவர் முன்பு தோட்டத் தலைவராக இருந்தவர். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, நம்ம ஈ.பி.எஃப். காசப் பத்திப் பாராளுமன்றத்துல கேட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்திச்சி. மந்திரி என்னா சொன்னாருன்னு போடலியே?"

"அவகாசம் கேட்டிருக்கிறார் தலைவரே."

"அவரு கேப்பாரு. எனக்கு எழுபத்திரெண்டு ஆகுது."

அவர் சொன்னது எங்கள் தொழிலுக்கும் சேர்த்துத்தான். கேள்வி கேட்டவரின் அலுவலகம் அன்று மாலையே படத்தோடு செய்தி அனுப்பிவிடுகிறது, நாங்களும் போட்டுவிடுகிறோம். மூன்று மாதம் கழித்துச் சபாபீடத்துக்குப் போன பதிலை யார் தேடி எடுத்துத் தமிழில் தருகிறார்கள்?

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, வேலை கொடுப்பவர் தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, மாதாமாதம் நிதிக்கு அனுப்ப வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிச் சட்டப்படி இன்னொரு 3 வீதம். வேலையை விடும்போது சேவைக்காலப் பணம் கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் வரும் சம்பளச் சிட்டையில் அந்த 8 வீதம் வெட்டப்பட்டிருக்கும். அவளைப் பொறுத்தவரை அது கட்டியாயிற்று. நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சிட்டை சொல்லாது.

தனியார் கம்பனி கட்டாமல் விட்டால் தொழில் திணைக்களம் வழக்குப் போடும். கட்டாமல் விட்டது அரசாங்கமே என்றால்? கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் தனிச்சிக்கல் இதுதான். 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. மத்திய மலைநாட்டில் விளைச்சல் குறைந்த, எவரும் ஆசைப்படாத தோட்டங்கள் பல அரசின் கையிலேயே தங்கிவிட்டன. ஜனவசம என்று எல்லோரும் சொல்கிற மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய மூன்றும் அவற்றை நடத்துகின்றன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டமும் ஜனவசமவின் கீழ்தான் வந்தது. இலங்கைத் தேயிலைக்கு நூற்றாண்டு விழா, நூற்றைம்பதாண்டு விழா என்று கொண்டாடுகிறோம். இந்தத் தோட்டங்களின் சேமலாப நிதி நிலுவையும் சேவைக்காலப் பண நிலுவையும் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கைகளில் வருடந்தோறும் திரும்பி வருகின்றன.

ஆக, இந்த விஷயத்தைப் பாராளுமன்றத்தில் மூன்று வாசல் வழியாகக் கேட்கலாம். வாய்மூலக் கேள்வி ஒன்று. அரச நிறுவனங்களை விசாரிக்க 1979இல் அமைத்த கோப் குழு இன்னொன்று. அங்கே அமைச்சரை விட்டுவிட்டு நிறுவனத் தலைவரையும் அமைச்சின் செயலாளரையும் கணக்காய்வு அறிக்கையோடு எதிரே உட்கார வைப்பார்கள். காகிதம் கையில் இருப்பதால் மழுப்புவது கஷ்டம். 2016இல் மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் சுனில் ஹந்துன்நெத்தி தலைமையிலான கோப் அறிக்கை நாட்டையே உலுக்கியது அதனால்தான். ஆனால் கோப் பரிந்துரைக்கும், அவ்வளவுதான். கட்டாத பணத்தைக் கட்ட வைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

மூன்றாவது வாசல் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதம். இது ஒரு வேடிக்கையான சடங்கோடு தொடங்கும். பெருந்தோட்ட அமைச்சின் செலவுத் தலைப்பு வரும் நாளில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, இந்தத் தலைப்பிலிருந்து 10 ரூபாயை வெட்ட வேண்டும் என்று பிரேரிப்பார். கோடிக்கணக்கான ஒதுக்கீட்டில் பத்தே ரூபாய். கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் அந்தக் காசுக்கு ஒரு பிளேன்டீகூடக் கிடைக்காது. அரசன் பணம் கேட்டால் குடிமக்களின் குறையை முதலில் கேட்க வேண்டும் என்ற பழைய பிரித்தானிய வழக்கத்தின் மிச்சம் அது. வெட்டப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பத்து ரூபாயைச் சாட்டாக வைத்து அன்று முழுக்க அந்த அமைச்சை உரிக்கலாம். அதிகாரிகளுக்கான பெட்டியிலிருந்து துண்டுச் சீட்டுகள் அமைச்சரின் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாயங்காலம் அவர் எழுந்து பதில் சொல்வார். அன்றைய உரைகளை வாசித்துப் பார்த்தால், தம் தொகுதிப் பாலத்தையும் மைதானத்தையும் பேசியவர்கள் நிறையப் பேர். ஒதுக்கீட்டுப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொல்லி, போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். எனக்குப் பிடித்தவர்கள் இந்தக் கொஞ்சப் பேர்தான்.

கண்டி மலைகளிலிருந்து கிளம்பிய ஒரு விவகாரம் ஆட்சியையே கூண்டில் ஏற்றிய கதையும் உண்டு. அதற்கு 1937க்குப் போக வேண்டும்.

மடுல்கலைப் பக்கத்து ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த வெள்ளைக்கார இளைஞன் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவன். துரையாக வேண்டியவன், லயத்து மக்களோடு சேர்ந்துகொண்டு அவர்களுக்காகப் பேசப் போனான். வேலை போயிற்று. பிறகு லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தான். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய மேடையில் இருந்தார். சுமார் இரண்டாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் முன்னால் என்.எம். பெரேரா இந்த வெள்ளைத் தோழனை அறிமுகப்படுத்தினார். ஒரு வெள்ளைக்காரன் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசுவதை மலைநாடு அதுவரை கேட்டதில்லை. பொலிஸ் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. துரைமாருக்குத் தூக்கம் போயிற்று.

ஏப்ரல் 22ஆம் திகதி ஆளுநர் ஸ்டப்ஸ் கையொப்பமிட்ட நாடுகடத்தல் ஆணை பிரேஸ்கேர்டிலுக்குக் கொடுக்கப்பட்டது. 48 மணி நேரத்தில் 'மூல்தான்' கப்பலில் ஏற வேண்டும். அவன் ஏறவில்லை, தலைமறைவானான்.

அப்போது இருந்தது டொனமூர் அரசியலமைப்பு. 1931இல் சர்வஜன வாக்குரிமையோடு வந்த அரசாங்க சபையில் உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்யும் தலைவரே அந்தத் துறை அமைச்சர். ஆகையால் சாதாரண உறுப்பினரும் தன் குழுவில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து பார்க்கலாம். பிரேஸ்கேர்டில் ஆணையை ஆளுநர் அந்தக் குழுக்களுக்கெல்லாம் மேலே தாண்டிப் போட்டிருந்தார். சபையில் சமசமாஜக் கட்சியின் பிலிப் குணவர்தனவும் என்.எம். பெரேராவும் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். தோட்டத்து நியாயத்தைப் பேசியிருந்தால் துரைமார் பக்கம் சாய்ந்த உறுப்பினர்கள் காது கொடுத்திருக்கமாட்டார்கள். அவர்கள் கேட்டது வேறு: உள்நாட்டலுவல்கள் அமைச்சுப் பொறுப்பில் இருந்தவரின் ஆலோசனை இல்லாமல் இந்த ஆணை எப்படிப் போனது? அமைச்சர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றால் உங்கள் பதவிக்கு என்ன மதிப்பு? தெரிந்து நடந்தது என்றால் அதைச் சபையில் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிற கேள்வி அது. ஆளுநருக்கு எதிரான கண்டனத் தீர்மானம் 34க்கு 7 என்று நிறைவேறியது. சமசமாஜிகள் அந்தச் சபையில் இரண்டே பேர். மற்ற வாக்குகளை அந்தக் கேள்வி கொண்டுவந்தது.

தீர்மானம் நிறைவேறிய அதே மே 5ஆம் திகதி காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் தலைமறைவாயிருந்த பிரேஸ்கேர்டில் வந்து பேசினான். மே 18ஆம் திகதி உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் ஏப்ரகாம்ஸ், பேச்சுரிமையைப் பயன்படுத்தியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது என்று தீர்ப்பளித்தார். சபை, தெரு, நீதிமன்றம் மூன்றும் ஒரே மாதத்தில் ஒரே பக்கம் சேர்ந்தன. தனியாகக் கேள்வி மட்டும் இருந்திருந்தால் அதுவும் சபாபீடத்தில் தூங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பத்து ஆண்டில் எல்லாம் மாறியது. 1947இல் சோல்பரி அரசியலமைப்பு வந்து, நிர்வாகக் குழுக்கள் போய், லண்டன் பாணியில் அமைச்சரவை வந்தது. பின்வரிசை உறுப்பினர் கோப்பைத் திறக்கும் உரிமையை இழந்தார். கேள்வி கேட்கும் உரிமை மிஞ்சியது. அந்த வருடத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அதில் நாவலப்பிட்டி உறுப்பினர் கே. இராஜலிங்கம். பிரேஸ்கேர்டில் மேடையேறிய அதே ஊர். மறுவருடமே, தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து, குடியுரிமை இல்லாதவரின் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் காங்கிரசிலிருந்து ஒருவரும் தெரிவாகவில்லை. கேள்வி கேட்கிற உரிமையைச் சட்டம் தொடவே இல்லை. கேட்பவரை அனுப்புகிறவர்களின் பெயரை மட்டும் வெட்டியது.

1977இல் நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியிலிருந்து காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் மீண்டும் தெரிவானார். 1978இல் அமைச்சரானார். அதற்குப் பிறகு மலையகக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் அமைச்சுப் பதவியே இலக்கு என்று ஆகிவிட்டது. அதனால் வந்த வீடுகளையும் பாடசாலைகளையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அமைச்சரவையில் இருப்பவர் சக அமைச்சரைச் சபையில் எழுந்து கேட்க முடியாது. கண்டி மாவட்டத்துக்கு 12 ஆசனம். 2015லும் 2020லும் வேலு குமார் இங்கிருந்து தெரிவானார். தேயிலை மலைகளுக்காகக் கேட்கும் பொறுப்பு அந்த ஒரு ஆசனத்தின் தலையிலேயே விழுந்தது. நகரத்துச் சாலை நெரிசலைக் கேட்க பதினொரு பேர் இருந்தார்கள்.

கோட்டேயில் இருக்கும் பாராளுமன்றம் வரை போகாமல் பக்கத்திலேயே கேட்கலாமே என்றால், பல்லேகலையில் மத்திய மாகாண சபை இருக்கிறது. தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலானவை, கிராமிய ஆஸ்பத்திரிகள், மாகாண வீதிகள் எல்லாம் அதன் கையில். கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018இல் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் எல்லாம். செலவு நடக்கிறது, ஒப்பந்தம் போகிறது, இடமாற்றம் நடக்கிறது. முதலமைச்சரும் இல்லை, அவரை எழுந்து கேட்க ஓர் உறுப்பினரும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் படித்த காலத்து அரசாங்க சபையில் ஆளுநரையே கேட்டோம். இன்று ஆளுநரைக் கேட்க ஆள் இல்லை.

தெல்தோட்டைத் தலைவருக்கு நான் சொன்ன வழி வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அவரே தோட்டத்தை நடத்தும் அரச நிறுவனத்துக்கு எழுதலாம்: என் பெயரில் எந்த மாதம் வரை சேமலாப நிதி கட்டியிருக்கிறீர்கள், கட்டாத மாதங்கள் எவை? தமிழில் எழுதலாம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடும் அதற்கு மேல் ஆணைக்குழுவும் இருக்கின்றன. அந்தப் பதில் கையில் வந்தால் அதையே அடுத்த குழுநிலை விவாதத்துக்கு முன் தன் மாவட்ட உறுப்பினர் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பலாம். அப்போது அமைச்சர் அவகாசம் கேட்பதற்கு முன், அவருடைய நிறுவனமே எழுதித் தந்த கணக்கு சபையில் வாசிக்கப்பட்டிருக்கும்.

"தமிழ்லயே பதில் வருமா தம்பி?" என்று கேட்டார். தமிழில் கேட்டால் தமிழில்தான் தர வேண்டும் என்றேன். அடுத்த வாரம் ஒரு தாள் கொண்டு வருவதாகச் சொல்லி, தெல்தோட்டைச் சந்தியில் இறங்கிப் போனார்.