போர்டன் அழுத்தமானி

பாரிஸ் பொறியாளர் யூஜின் போர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற கருவி. கொதிகலனிலும் ஆலைக் குழாய்களிலும் நீராவி, வாயு, திரவம் ஆகியவற்றின் அழுத்தத்தை அளக்கிறது.

முன்பு இதற்குப் பாதரசக் குழாய் பயன்பட்டது. ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 760 மில்லிமீட்டர் பாதரசம் வேண்டும். பத்து மடங்கு அழுத்தத்துக்கு 7.6 மீட்டர். ஓடும் ரயில் எஞ்சினில் அத்தனை உயரத்துக்கு ஏது இடம்?

போர்டன் மானியின் முகப்புக்குப் பின்னால் இருப்பது வில்லாக வளைந்த, தட்டையான உலோகக் குழாய். ஒரு முனை அசையாது. மூடிய மறுமுனை அசையும். உள்ளே அழுத்தம் ஏறினால் வளைவு சற்றே நிமிர்கிறது. அசைவு சில மில்லிமீட்டர்தான். இணைப்புத் தண்டும் பற்சக்கரங்களும் அதைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. அழுத்தம் இறங்கினால் குழாய் பழைய வளைவுக்கே திரும்பும். எளிமையும் நுட்பமும் இவ்வளவு அழகாகக் கூடிய கருவிகள் குறைவு. மின்சாரம் தேவையில்லை; ஆகவே கணினிக் கட்டுப்பாடு வந்த ஆலைகளிலும் இது நீடிக்கிறது.

நீராவிக் குழாயில் பொருத்தும்போது இடையே ஒரு வளையக் குழாய் வைக்கப்படும். அதில் தேங்கும் நீர், கொதிக்கும் ஆவி நேரே மானிக்குள் புகாமல் தடுக்கிறது.